பூங்காவுக்குப் போகும் வழியில் உன் அக்கா வீடு

பிரபு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு இது பதில். "அப்பா, லீவுக்கு அங்க வரோம். மித்ராவைத் தீம் பார்க் கூட்டிகினு போய்ட்டு, மறுநாள் பீச், மெட்ரோ ரயில்லாம் காட்டலாம்னு கீறோம். கார் வேணாம்பா, கார்ல ஏறினாலே அவளுக்கு வாந்தி. பஸ், ட்ரெயின்ல எப்பிடிப் போறதுன்னு நீங்க எழுதி அனுப்புங்க. உங்களுக்குத் தெரியாத ரூட்டா?" என்றாய். நானும் சரி என்றேன். வாட்ஸப்பில் நாலு வரி வரும் என்று நினைத்திருப்பாய். தபாலில் இத்தனை பக்கம் வந்திருப்பதைப் பார்த்துப் பயந்துவிடாதே. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. சர்க்கரை மாத்திரையை வேளைக்குப் போடுகிறேன். கண்தான் முன்னைப் போல இல்லை, அதனால் எழுத்து கோடு தாண்டிப் போயிருக்கும். அவசரமில்லாத நேரத்தில் உட்கார்ந்து படி. மருமகள் ஜெயந்தியிடம் காட்டுவதா வேண்டாமா என்பதை முழுவதும் படித்த பிறகு நீயே முடிவு செய்.

முதலில் நீ கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். காலை ஆறரைக்கெல்லாம் நம் வீட்டைவிட்டுக் கிளம்பிவிட வேண்டும். பஸ் ஸ்டாண்டில் செங்கல்பட்டு பஸ் நின்றால் அதில் ஏறி சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்குங்கள். இல்லையென்றால் அதற்காகக் காத்து நிற்க வேண்டாம், தாம்பரம் பஸ்ஸில் ஏறி ஒரகடம் கூட்டுரோட்டில் இறங்கினால் சிங்கப்பெருமாள் கோவிலுக்கு ஷேர் ஆட்டோ கிடைக்கும். ஆனால் ஏழு மணிக்கு மேல் போனால் கம்பெனி ஆட்கள் அடைத்துக்கொண்டு வருவார்கள், பிள்ளையை வைத்துக்கொண்டு ஏற முடியாது. சிங்கப்பெருமாள் கோவிலில் ரயில் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் செங்கல்பட்டு. பஸ்ஸிலேயே நேராகச் செங்கல்பட்டு போகலாமே என்று கேட்பாய். அந்த நேரத்தில் ஜி.எஸ்.டி. ரோடு நகராது, மித்ராவும் ரயிலில் போனதே இல்லை என்றாய் அல்லவா. செங்கல்பட்டிலிருந்து திருப்போரூர் பஸ். அங்கே இறங்கி ஆட்டோ வைத்துக்கொண்டால் பூங்கா வாசலிலேயே விட்டுவிடுவான். வெளிச் சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள், குழந்தைக்குப் பாலும் பிஸ்கட்டும் மட்டும் விடுகிறார்கள். பருத்தித் துணியோடு தண்ணீரில் இறங்கக் கூடாதாம், அதற்கென்று நைலான் துணி எடுத்துக்கொள்ளுங்கள். மித்ராவின் உயரத்தை வீட்டிலேயே அளந்துகொண்டு வா. எதில் ஏறலாம், எதில் ஏற முடியாது என்று முன்கூட்டியே அவளிடம் சொல்லிவிட்டால் அங்கே வந்து அழமாட்டாள். நாலு மணிக்கு வெளியே வந்துவிட வேண்டும். ஈரத் தலையோடு தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்று வண்டி மாறுவது எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியும்.

இதெல்லாம் கேள்விப்பட்டு எழுதியதில்லை. இந்தப் புதன்கிழமை நானே தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இருபத்தாறு வருஷம் கம்பெனி பஸ் ஓட்டியவனுக்கு வழி தெரியாதா என்றால், தெரியும். ஆனால் ஓட்டுகிறவனுக்குத் தெரிகிற வழி வேறு, பிள்ளையோடு நின்று ஏறி இறங்குகிறவனுக்குத் தெரிகிற வழி வேறு. எந்த இடத்தில் நிழல் இருக்கிறது, எங்கே பெண்கள் போகிற மாதிரி கழிவறை இருக்கிறது என்று பார்க்கத்தான் போனேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், நீ வழி கேட்ட அன்றே, சிங்கப்பெருமாள் கோவில் என்ற பெயர் மனதில் வந்ததும், எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உன் அக்கா அமுதா அங்கேதான் இருக்கிறாள். ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரம். அது எனக்கு ரொம்ப வருஷமாகத் தெரியும். தெரியாது என்று உன்னிடமும் உன் அம்மாவிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நீ இந்த இடத்தில் கடிதத்தைக் கீழே வைத்துவிடுவாய் என்று நினைக்கிறேன். அவள் பெயரை எடுத்தாலே நீ எழுந்து போய்விடுவாய். தயவுசெய்து படி. அவள் மேல் உனக்கு இருக்கிற கோபம் எல்லாம் நான் கொடுத்தது. அதில் அவள் செய்தது எதுவுமில்லை.

உனக்கு ஏழு வயசு, அவளுக்குப் பன்னிரண்டு இருக்கும்போது நாம் நாலு பேரும் ஒரு பூங்காவுக்குப் போனது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நான் வருஷா வருஷம் கம்பெனிக் குடும்பங்களை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய் அந்த வாசலில் இறக்கிவிட்டு, மற்ற டிரைவர்களோடு வேப்பமரத்தடியில் சீட்டாடிக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருப்பேன். காண்ட்ராக்ட் டிரைவர் என்பதால் எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த டூரில் இடம் கிடையாது. "எல்லாரையும் கூட்டிகினு போற, எங்களை எப்ப கூட்டிகினு போவ?" என்று நீ ஒவ்வொரு தடவையும் கேட்பாய். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாரம் முழுக்க ராத்திரி மூன்றாவது ஷிஃப்ட் வண்டி ஓட்டிய கையோடு, தூங்காமல் உங்களைக் கிளப்பிக் கூட்டிப் போனேன். பூந்தமல்லி, கிண்டி, திருவான்மியூர் என்று பஸ் மாறி மாறிப் போய்ச் சேரும்போது மதியம் ஆகிவிட்டது. சுழல் ராட்டினத்தில் உன் உயரம் போதவில்லை என்று நிறுத்திவிட்டார்கள். அமுதாவுக்கு உயரம் போதும். அவள் வரிசையில் முன்னால் போய்விட்டிருந்தாள். நீ அழுததைப் பார்த்து வரிசையை விட்டு வெளியே வந்து, "எனக்கும் பயமாத்தான்டா கீது" என்று உன்னோடு உட்கார்ந்துகொண்டாள். அவளுக்கு ஒரு பயமும் இல்லை. பஸ்ஸில் வரும்போதெல்லாம் அந்த ராட்டினத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தாள்.

பிறகு தண்ணீரில் ஆடி முடித்ததும் உன் அம்மா அவளை ஈரத்துணி மாற்ற அழைத்துக்கொண்டு போனாள். "இவன் கையைப் புடிச்சிக்கோங்க, விட்டா ஓடிடுவான்" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். கண் சொருகிவிட்டது. விழித்தபோது நீ இல்லை. அந்தக் கூட்டத்தில் உன்னைத் தேடி ஓடியது எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஐஸ்கிரீம் கடைக்காரர் ஒருவர் உன்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டிருந்தார். உன்னைத் தூக்கிக்கொண்டு திரும்பி வரும்போது அமுதா தலையைத் துவட்டிக்கொண்டு எதிரே வந்தாள். நான் அவளைக் கன்னத்தில் அறைந்தேன். "தம்பியைப் பாத்துக்கமாட்டியா?" என்று கத்தினேன். ஜனங்கள் நின்று பார்த்தார்கள். "உங்ககிட்டதானே விட்டுட்டுப் போனோம்" என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உன் அம்மா வாயைத் திறந்தாள், நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை, சொந்தக்காரர்கள் நடுவில், "அமுதா இவனைத் தொலைச்சிட்டா தெரியுமா" என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன். நீயும் அதை நம்பித்தான் வளர்ந்தாய். அன்று உன் கையை விட்டது நான்.

அவள் பிளஸ் டூ முடித்து, இரண்டு மூன்று இடத்தில் வேலை பார்த்து, ஒரகடத்தில் போன் தயாரிக்கிற கம்பெனியில் லைன் வேலைக்குச் சேர்ந்தது உனக்குத் தெரியும். அந்த ரூட் பஸ் என்னுடையது. அப்பா ஓட்டுகிற பஸ்ஸிலேயே வேலைக்குப் போகிறாள் என்று உன் அம்மா நிம்மதியாக இருந்தாள். அவள் எப்போதும் எனக்குப் பின்னால் மூன்றாவது சீட்டில், ஜன்னலோரம் உட்காருவாள். கண்ணாடியில் அவள் முகம் தெரியும். சிவப்பு விளக்கில் நிற்கும்போது நான் பார்த்தால் புருவத்தைத் தூக்கிச் சிரிப்பாள். தூத்துக்குடிப் பக்கத்துப் பையன் ஒருவன், ஸ்டீபன் என்று பெயர், குன்றத்தூரில் ரூம் எடுத்துத் தங்கி வேலைக்கு வந்துகொண்டிருந்தான். அந்த பஸ்ஸில்தான் அவனும் வந்தான். அமைதியான பையன். ஏறும்போது "வணக்கம்ணே" என்பான். எனக்கும் அவனைப் பிடித்துத்தான் இருந்தது, அவன் பார்வை எங்கே போகிறது என்று தெரிகிறவரை.

அவள் என்னிடம் ஒளிக்கவில்லை. ஒரு சாயங்காலம் உன் அம்மா கோவிலுக்குப் போயிருந்த நேரம், "அப்பா, ஸ்டீபனைக் கட்டிக்கலாம்னு கீறேன். நீங்க அவங்க வூட்ல வந்து பேசணும்" என்று நேராகச் சொன்னாள். வேறு மதம், வேறு சாதி, வேறு ஊர். நான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன். மறுநாள் முதல் ஷிஃப்ட். வழக்கம்போல என்னோடு வந்து பஸ்ஸில் ஏறினாள். வழியில் அவனும் ஏறினான். ஏறும்போது என்னைப் பார்த்து, என்ன முடிவு என்று கேட்கிற மாதிரி நின்றான். ஒரகடம் கூட்டுரோட்டுக்கு முன்னால் வண்டியை ஓரம் கட்டினேன். எழுந்து திரும்பி, "எறங்கு" என்றேன்.

அவள் என்னவென்று புரியாமல் பார்த்தாள். "உன்னைத்தான். எறங்கு. இனிமே என் வண்டியிலயும் ஏறாத, என் வூட்லயும் ஏறாத" என்றேன். நாற்பது பேர் உட்கார்ந்திருந்த பஸ் அது. பின்னாலிருந்து யாரோ ஒருவர், "அண்ணே, கம்பெனி பஸ்ணே இது, நீங்க எறக்கிவிடக்கூடாது" என்றார். அவரையும் ஏதோ சொல்லித் திட்டினேன். அமுதா எழுந்தாள். மேலே வைத்த பையை எட்டி எடுத்தாள். இரண்டு தடவை தவறியது. என்னைத் தாண்டிப் போகும்போது, "அம்மாகிட்ட நான் பேசிக்கறேம்பா" என்று மெதுவாகச் சொன்னாள். ஸ்டீபனும் அவள் பின்னாலேயே இறங்கினான். நான் கதவைச் சாத்திவிட்டு வண்டியை எடுத்தேன். அவர்கள் இருவரும் சாலையோரம் நிற்பது கண்ணாடியில் தெரிந்தது. நான் கண்ணாடியைப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம், "உன் பொண்ணு அவன் கூட ஓடிட்டா. நாம யாரும் வேணாம்னு சொல்லிட்டுப் போய்ட்டா" என்றேன். நீ அப்போது ஓசூரில் ஹாஸ்டலில் இருந்தாய். உனக்கும் போனில் அதையேதான் சொன்னேன். நீ அழுதாய். "என்கிட்ட கூட சொல்லலையாப்பா?" என்றாய். இல்லை என்றேன்.

அன்று கோபத்தில் செய்தது ஒன்று. அதை யாரிடமாவது சொல்லி அழுதிருந்தால் ஒரு மாதத்தில் சரியாகியிருக்கும். ஆனால் அதற்குப் பிறகு செய்ததெல்லாம் நிதானமாக, யோசித்துச் செய்தது. அவள் நம் வீட்டு போனுக்குக் கூப்பிட்டாள், நான்தான் எடுத்தேன். அந்த இணைப்பையே துண்டித்துவிட்டு, பில் ஜாஸ்தி வருகிறது என்றேன். உன் அம்மாவுக்குத் தனியாக போன் வாங்கிக் கொடுக்கவில்லை. சில வருஷம் கழித்து அமுதா என் போனுக்குக் கூப்பிட்டு, "அப்பா, பொண்ணு பொறந்துகீது. அம்மாகிட்ட குடுங்க, ஒரு நிமிஷம்" என்றாள். உன் அம்மா பத்தடி தள்ளி, சமையலறையில் மாவு அரைத்துக்கொண்டிருந்தாள். "அவ உன்கூடப் பேசமாட்டாளாம்" என்று சொல்லிவிட்டு வைத்தேன். கிரைண்டர் சத்தத்தில் உன் அம்மாவுக்கு எதுவும் கேட்கவில்லை. "யாருங்க போன்ல?" என்றாள். கம்பெனியிலிருந்து என்றேன். அமுதாவோடு லைனில் வேலை பார்த்த லட்சுமி என்ற பெண் என் பஸ்ஸில் தொடர்ந்து வந்துகொண்டிருந்தாள். அவள்தான் ஒரு தடவை அமுதாவின் விலாசத்தையும் புது நம்பரையும் ஒரு தாளில் எழுதி ஸ்டீயரிங் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். அந்தத் தாளை நான் கிழித்துப் போடவில்லை. லைசென்ஸ் உறையில் வைத்திருந்தேன்.

இனி எழுதப் போவதுதான் கஷ்டம். மூன்று வருஷத்துக்கு முன்னால் உன் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது, நாலாவது நாள், நீ கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாய். "ஏங்க, அமுதாவை ஒருதரம் கூட்டிகினு வாங்க" என்றாள். இரண்டு தடவை சொன்னாள். நான் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனேன். லைசென்ஸ் உறையிலிருந்து அந்தத் தாளை எடுத்துப் பிரித்தேன். நம்பரைப் பார்த்தேன். எந்த பட்டனையும் அழுத்தாமல் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்து நின்றேன். திரும்பி வந்து, "பேசிட்டேன். வரமாட்டாளாம்" என்றேன். உன் அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். "அவளுக்கு இன்னா கஷ்டமோ" என்றாள். நீ பல்லைக் கடித்துக்கொண்டு, "செத்தாலும் அவ வர வேணாம்" என்றாய். மறுநாள் மதியம் உன் அம்மா போய்விட்டாள். நீ சொன்னபடி அமுதாவுக்கு யாரும் சொல்லவில்லை.

ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்பாய். எனக்கு நானே எத்தனையோ நாள் கேட்டுப் பார்த்தேன். அவள் மேல் கோபம் போய் அதற்குள் பல வருஷம் ஆகியிருந்தது. என்னிடம் இருந்தது பயம் மட்டும்தான். அமுதா வந்து அந்தக் கட்டிலில் உட்கார்ந்தால், பஸ்ஸில் நடந்தது வெளியே வரும். போனில் சொன்னது வெளியே வரும். இத்தனை வருஷம் பெண்ணைப் பிரித்து வைத்தவன் நான்தான் என்று உன் அம்மாவுக்குத் தெரிந்துவிடும். அந்த நிலைமையிலும் அவள் என்னைப் பற்றித் தப்பாக நினைத்துக்கொண்டு போய்விடக்கூடாது என்று என்னைத்தான் நினைத்தேன். சாகக் கிடந்தவளை நினைக்கவில்லை.

புதன்கிழமை காலையில் சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கி, அமுதாவின் தெரு முனை வரை போய்ப் பார்த்துவிட்டு, ரயில் வருகிறது என்று திரும்பி ஓடிவந்துவிட்டேன். பூங்கா வாசலில் வாட்ச்மேன் நல்ல மனிதர், எல்லாம் விசாரித்துச் சொன்னார். "பேரப்புள்ளைங்க எத்தினி பேரு பெரியவரே?" என்று கேட்டார். ஒன்று என்று சொல்ல வாயெடுத்தேன். அப்புறம் இரண்டு என்றேன். நான் அப்படிச் சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அதன் பிறகு நேராக வீட்டுக்குப் போக என்னால் முடியவில்லை. சாயங்காலம் மறுபடி சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கி, விசாரித்துக்கொண்டு போய், கதவைத் தட்டினேன்.

அவளே திறந்தாள். ஷிஃப்ட் முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள் போலிருக்கிறது, கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கியது. முன்தலை நரைத்திருக்கிறது, பிரபு. உன் அம்மா சாயல் அப்படியே வந்துவிட்டது. என்னைப் பார்த்துவிட்டு கதவைப் பிடித்த கையை எடுக்காமல் நின்றாள். உள்ளேயிருந்து ஒரு பெண் குழந்தை வந்து எட்டிப் பார்த்தது. ஒன்பது வயசிருக்கும், ஜெனி என்று பெயர். "யாரும்மா?" என்றது. அமுதா என்னைப் பார்த்தபடியே, "கம்பெனி பஸ் டிரைவர். அம்மா மொதல்ல வேலைக்குச் சேந்தப்ப இவர் பஸ்லதான் போவேன்" என்றாள். பிறகு என்னிடம், "உள்ள வாங்க" என்றாள். மூன்றாம் மனிதரைக் கூப்பிடுகிற மாதிரி.

குழந்தை பக்கத்தில் வந்து, "உங்க பஸ் எங்க நிக்குது?" என்று கேட்டது. "இப்ப ஓட்டறதில்லம்மா, கண்ணு சரியாத் தெரியல" என்றேன். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது. ஸ்டீபன் இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. அமுதா அதை டி.வி. பார்க்கச் சொல்லி உள்ளே அனுப்பிவிட்டு, எதிரே நாற்காலியில் உட்கார்ந்தாள். எனக்கு எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை. நீங்கள் பூங்காவுக்குப் போவதைப் பற்றி, மித்ராவைப் பற்றி, ஏதேதோ உளறினேன். "இத்தினி வருஷம் கழிச்சு அதைச் சொல்லவா வந்தீங்க?" என்றாள். அப்புறம்தான் சொன்னேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் யாருக்கும் போன் செய்யவில்லை என்பதைச் சொன்னேன். குழந்தை பிறந்தபோது உன் அம்மா பேசமாட்டேன் என்று சொல்லவே இல்லை, அவளுக்குப் பேத்தி பிறந்ததே தெரியாது என்பதையும் சொன்னேன்.

நான் முடித்த பிறகு, "அம்மா இன்னா சொன்னாங்க?" என்று கேட்டாள். "அவளுக்கு இன்னா கஷ்டமோ" என்று உன் அம்மா சொன்னதைச் சொன்னேன். எழுந்து குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. குழந்தை வந்து மூடிய கதவைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, திரும்பிப் போய் டி.வி. சத்தத்தைக் கூட்டி வைத்தது. அந்தச் சின்ன வயசில் அதற்கு அவ்வளவு தெரிந்திருக்கிறது.

அமுதா முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். "அம்மா செத்ததே பதினாறு நாள் கழிச்சு லட்சுமி சொல்லித்தான் எனக்குத் தெரியும். கடைசி வரைக்கும் என்னைப் பாக்கப் புடிக்காமதான் போனாங்கன்னு நெனச்சேன். மூணு வருஷமா அவங்களைத் திட்டிகினு இருந்தேம்பா. செத்துப் போனவங்களை. தெனமும்" என்றாள். என்னை அப்பா என்று அவள் சொன்னது அந்த ஒரு இடத்தில்தான். பிறகு உன்னைப் பற்றிச் சொன்னாள். உன் கல்யாணத்துக்கு முன்னால் எங்கேயோ உன் நம்பரை வாங்கிக் கூப்பிட்டாளாம். "எங்களை வேணாம்னு போனவதானே நீ" என்று சொல்லிவிட்டு நீ வைத்துவிட்டாயாம். "அவன் ஏன் அப்பிடிச் சொன்னான்னு எனக்குப் புரியவே இல்லை. நான் எப்ப வேணாம்னு சொன்னேன்?" என்றாள். உன்மேல் குற்றமில்லை. நான் சொன்னதைத்தான் நீ திருப்பிச் சொன்னாய்.

நான் கையைக் கூப்பினேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அதெல்லாம் வேணாம். எனக்கு இப்ப உங்களைப் பாத்து ஒண்ணும் சொல்லத் தோணல. மன்னிச்சிட்டேன்னு சொன்னா பொய். தம்பிக்கு இதெல்லாம் தெரியுமா?" என்றாள். தெரியாது என்றேன். "சொல்லுங்க. நீங்களே சொல்லுங்க, எதையும் விடாம. அதுக்கப்புறம் அவன் பேசினா நான் பேசறேன்" என்றாள். நான் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டபோது, "ரோடு தாண்டறப்ப பாத்துப் போங்க. கண்ணு தெரியலன்னீங்களே" என்றாள். நான் வெளியே வந்து, தெரு முனையில் ஒரு கடை வாசலில் உட்கார்ந்துவிட்டேன். ஒரகடம் பக்கம் போகிற ஷேர் ஆட்டோ ஒவ்வொன்றாக வந்து நின்று, "ஏறுங்க பெரியவரே" என்று கூப்பிட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. ஏற முடியவில்லை. அந்தப் பெட்டிக்கடைக்காரப் பெண் ஒரு டீ போட்டுக் கையில் கொடுத்து, "ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

இதை போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ குறுக்கே ஒரு கேள்வி கேட்டால் போதும், நான் எனக்குச் சாதகமாக ஏதாவது சேர்த்துவிடுவேன். அது எனக்குப் பழகிப்போய்விட்டது. எழுதும்போதுகூட இரண்டு இடத்தில் அப்படி வந்துவிட்டது, அடித்துவிட்டுத் திரும்ப எழுதியிருக்கிறேன். அடித்த இடங்களை நீ பார்க்கலாம்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனாலும் நீயும் ஒரு பெண்ணைப் பெற்றவன். மித்ரா நாளைக்கு உன்னிடம் வந்து, உனக்குப் பிடிக்காத ஒன்றை நேராகச் சொல்வாள். நேராகச் சொல்கிற பிள்ளை கிடைப்பது பெரிய விஷயம் என்று எனக்கு அன்று தெரியவில்லை. கத்து, சண்டை போடு, ஒரு மாதம் பேசாமல் இரு, பரவாயில்லை. ஆனால் அவளைப் பற்றி அவள் இல்லாத இடத்தில் பொய் சொல்லாதே. ஒன்று சொன்னால் அதைக் காப்பாற்ற இன்னொன்று சொல்ல வேண்டியிருக்கிறது. கடைசியில் செத்துக்கொண்டிருக்கிற பெண்டாட்டியிடமும் சொல்ல வேண்டி வந்தது.

நீ என்மேல் கோபப்படுவாய். லீவுக்கு இங்கே வரமாட்டேன் என்றாலும் சொல், நான் உன்னைக் குறை சொல்லமாட்டேன். பூங்காவுக்கு யார் யார் போவது, எப்போது போவது என்பதை நீயும் அக்காவும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். அதில் என்னைச் சேர்க்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இப்போது அது அவளுக்கும் முடியாது, உனக்கும் முடியாது. லட்சுமி எழுதிக் கொடுத்த அந்தத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். மடிப்பில் கிழிந்திருக்கிறது, ஆனால் எண்கள் தெளிவாகத் தெரிகின்றன. நம்பர் மாறவில்லை, கேட்டுக்கொண்டேன்.

இதைப் படித்ததும் எனக்கு போன் செய்யாதே. அவளுக்குச் செய். வருகிற வாரம் அவளுக்கு இரண்டாவது ஷிஃப்ட். மதியம் ஒரு மணிக்கெல்லாம் பஸ் ஏறிவிடுவாள், கம்பெனி வாசலிலேயே போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். அதனால் காலையில் கூப்பிடு.

அப்பா